தடை செய்யப்பட்ட தையல் என்பது வியாபாரிகள் கதை

ஒரு நண்பர், சீனப் பட்டில் வரும் முடிச்சுத் தையல் பல பெண்களின் கண்பார்வையைப் பறித்ததால் பேரரசர் அதைத் தடை செய்தார், ஆகவே அது மிக அபூர்வம் என்று எழுதியிருக்கிறார். பழம்பொருள் கடைகளில் ஓயாமல் சொல்லப்படும் கதைதான் இது. அப்படியொரு அரசாணையை யாரும் காட்டியதில்லை.

சீனாவை ஆண்ட சிங் வம்சத்து (1644–1912) துணிகளைப் பாருங்கள். பெண்களின் அங்கிக் கைப்பட்டை, இடுப்பில் தொங்கவிடும் சிறு பை என்று எங்கும் இந்த முடிச்சுகள். அரசு அதிகாரிகள் மார்பில் அணிந்த பதவிச் சின்னங்களிலும்கூட உண்டு! தடை செய்த தையலைக் குத்திக்கொண்டு எந்த அதிகாரி அரண்மனைக்குப் போயிருப்பார்?

நூலை ஊசியில் சுற்றி, வெளிவந்த இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி குத்தி இறக்கினால் ஒரு முடிச்சு. பூ வடிவத்தின் இதழ் முழுக்க இப்படியே, கடுகு கொட்டியதுபோல, நெருக்கமாக நிரப்ப வேண்டும். பொறுமையைச் சோதிக்கும், கண்ணும் வலிக்கும், அது உண்மை. ஆனால் சீனாவின் சூசோ நகரத்து எம்பிராய்டரியில் இன்றும் இதைத் தைக்கிறார்கள்.

எனவே முடிச்சு இருப்பதால் மட்டும் துணி பழையதாகிவிடாது. வாங்குமுன் பின்பக்கத்தையும் பட்டின் தேய்மானத்தையும் பாருங்கள். 'தடை' என்று சொல்லி விலையை ஏற்றினால் கொடுக்காதீர்கள்.