ராத்திரி மூன்று மணி நோட்டு

"எதையும் மனசுல போட்டுக்காதீங்க, நல்லா தூங்குங்க." கேன்சர் சிகிச்சையில் இருந்த நாலு மாதத்தில் இதை எத்தனை பேர் சொன்னார்கள் என்று கணக்கே இல்லை. எல்லாரும் அன்போடு சொன்னதுதான். ஆனால் கேட்கக் கேட்க எனக்குக் கோபம்தான் வந்தது. தூக்கம் என்னவோ நான் வேண்டாம் என்று ஒதுக்கி வைத்திருப்பது போல!

வாந்தி இருக்கா, வாய்ப்புண் இருக்கா, காய்ச்சல் வந்ததா என்று ஒவ்வொரு முறையும் கேட்டார்கள். தூக்கத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இவ்வளவு பெரிய நோயை வைத்துக்கொண்டு 'தூக்கம் வரலை டாக்டர்' என்று போய் நிற்பதா என்று ஒரு கூச்சம். அதோடு, இது என் மனசு பலவீனம், தைரியசாலிகள் தூங்கிவிடுவார்கள் என்று நிஜமாகவே நம்பினேன்.

மூன்றாவது கீமோ அன்று கையில் ஊசி குத்த வந்த நர்ஸ் என் கண்ணைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அக்கா, டெக்ஸாமெத்தசோன் எத்தனை மணிக்குப் போடுறீங்க?" காலையில் ஒன்று, ராத்திரி சாப்பிட்ட பிறகு ஒன்று என்றேன். சீட்டில் இரண்டு வேளை என்றுதானே இருந்தது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது ஸ்டீராய்டு. ராத்திரி போட்டா கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டுத்தான் இருப்பீங்க. ரெண்டாவதை மத்தியானமே போட்டுக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேட்கிறேன்."

கேட்டார். டாக்டரும் சரி என்றார். கீமோவுக்கு அடுத்த மூன்று ராத்திரிகளும் பாதிக்கு மேல் சரியாகிவிட்டன. நம்மை விழிப்பாக வைக்க உடம்பு தானாகச் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன் விடியற்காலையில் ஏறி, நள்ளிரவு வாக்கில் அடிமட்டத்துக்கு இறங்கும். நானோ அது இறங்குகிற நேரமாகப் பார்த்து அதே வேலையைச் செய்யும் மாத்திரையை விழுங்கி, உடம்புக்கு 'விடிஞ்சாச்சு' என்று சொல்லியிருக்கிறேன். வாந்தியைக் குறைக்கக் கொடுத்த மருந்து அது, அதன் மேல் குற்றமில்லை. ஆனால் இரண்டு மாதமாக என் மனசைத் திட்டிக்கொண்டிருந்தேனே, அதற்கு என்ன சொல்ல?

அதனால்தான் சொல்கிறேன், தூக்கமின்மையையும் வாந்தியைப் போல ஒரு பக்க விளைவாகவே டாக்டரிடம் சொல்லுங்கள். ஹார்மோன் மாத்திரையால் நடு இரவில் உடம்பு கொதித்து வியர்க்கலாம். வலி மாத்திரையின் வேகம் இரண்டு மணிக்குத் தீர்ந்துபோகலாம். ஏற்றிய டிரிப்ஸ் எல்லாம் சிறுநீராக இறங்கி நாலு முறை எழுப்பலாம். ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. தூக்க மாத்திரை தேவைப்பட்டால் அதிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் உங்கள் டாக்டர் எழுதிக் கொடுக்கட்டும். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்டது என்று அவர் மாத்திரையையோ, 'மூலிகைதானே' என்று எதையோ வாங்கிப் போடாதீர்கள். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை சில கீமோ மருந்துகளின் அளவையே ரத்தத்தில் குறைத்துவிடும்.

சரி, மீதிப் பாதி? அது பயம்தான். எந்த மாத்திரையின் நேரத்தை மாற்றியும் அது போகவில்லை.

பகலில் யாராவது கூடவே இருந்தார்கள். ராத்திரியில் கூரையும் நானும்தான். விலாவில் சுருக்கென்று ஒரு வலி வந்தால், அது எலும்புக்குப் பரவிவிட்டது என்று ஐந்து நிமிடத்தில் முடிவாகிவிடும். உடனே போனை எடுத்துத் தேடுவேன். அந்த நேரத்தில் எதைத் தேடினாலும் சாவில்தான் போய் முடியும்.

ஒருநாள் என் தங்கை போனைப் பிடுங்கிக்கொண்டு ஒரு பழைய நோட்டையும் பேனாவையும் தலைமாட்டில் வைத்தாள். "எழுதிட்டுப் படு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு ரெண்டு பேரும் சேர்ந்து பயப்படலாம்." கவலைக்கென்று பகலில் ஒரு நேரம் ஒதுக்குவது உளவியலாளர்களும் சொல்லித்தரும் முறை என்று பிறகுதான் தெரிந்தது.

இருட்டில் எழுதியதால் வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். மறுநாள் சாயங்காலம் படித்துப் பார்ப்போம். 'இடது விலா, மூச்சு இழுத்தா வலி.' இது டாக்டரிடம் கேட்க. 'மருந்து கேட்கலைன்னா?' இதுவும் கேட்க. 'ஃபிரிட்ஜ் சத்தம் மாறியிருக்கு.' இதைப் படித்துவிட்டு இருவரும் சிரித்த சிரிப்பு! 'நான் இல்லைன்னா குழந்தை யார்கிட்ட தூங்கும்?' இதற்கு இருவரிடமும் பதில் இல்லை. கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.

ஒன்று மட்டும் நோட்டில் எழுதிவிட்டுப் படுக்கிற விஷயம் இல்லை. கீமோ காலத்தில் காய்ச்சல் 38 டிகிரி, அதாவது 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் எந்த நேரமானாலும் உடனே மருத்துவமனைக்குக் கூப்பிடுங்கள். தொற்றை எதிர்க்கும் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும்போது விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கேட்காமல் பாராசிட்டமால் போட்டுக் காய்ச்சலை மறைக்கவும் கூடாது.

அப்புறம், தூக்கம் வராமல் படுக்கையில் புரண்டுகொண்டே இருப்பதை விட்டேன். சுமார் 20 நிமிடம் ஆகிவிட்டது போலத் தோன்றினால் எழுந்து நாற்காலியில் உட்காருவேன், மங்கலான விளக்கு, துவைத்த துணிகளை மடிப்பது. கண் சொருகினால் திரும்பப் படுக்கை. மணி பார்க்காமல் இருக்கக் கடிகாரத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். பகல் தூக்கம் அரை மணி நேரத்தோடு சரி. இதெல்லாம் நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் பரிந்துரைக்கப்படும் சிபிடி-ஐ என்ற, தூக்கப் பழக்கங்களையும் எண்ணங்களையும் மாற்றும் சிகிச்சையில் வருபவைதான். ஆனால் கீமோ முடிந்த மூன்றாம் நாளும் நாலாம் நாளும் எந்த விதியும் என்னிடம் செல்லுபடியாகவில்லை. உடம்பு கேட்டபோதெல்லாம் படுத்தேன். அதற்காக என்னைத் திட்டிக்கொள்ளவும் இல்லை.

இப்போது சிகிச்சை முடிந்துவிட்டது. அடுத்த வாரம் ஸ்கேன். நேற்று ராத்திரி மறுபடி முழிப்பு வந்து நோட்டைத் தேடினேன். காலையில் பார்த்தால் நான் எழுதியதற்குக் கீழே தங்கையின் கையெழுத்து: 'ஃபிரிட்ஜ் நல்லா இருக்கு. அஞ்சு மணிக்கு வர்றேன்.'