மாமாவின் இடது காது

மாமாவிடம் பேச வேண்டுமென்றால் அவருக்கு வலப்பக்கம் போய் உட்கார வேண்டும். இடது காது சுத்தமாகக் கேட்காது. 1999 கார்கில் போரில் திராஸ் பகுதியில் போஃபர்ஸ் பீரங்கிக் குழுவில் இருந்தவர்.

கார்கில் வெற்றி நாளான ஜூலை 26-க்கு ஒவ்வொரு வருடமும் சிகரத்தில் கொடியோடு நிற்கும் வீரர்களின் படத்தைப் பகிர்கிறோம். பகிர வேண்டியதுதான். ஆனால் அவர்கள் மேலே ஏறக் கீழேயிருந்து வழி செய்து கொடுத்தவர்கள் அந்தப் படத்தில் இல்லை. கார்கில் போரில் நம் பீரங்கிப் படை இரண்டரை லட்சம் குண்டுகளுக்கு மேல் சுட்டது. ஒரு 155 மி.மீ. குண்டு நாற்பது கிலோவுக்கு மேல் இருக்கும். நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்கும் 10,000 அடி உயரத்தில் அதை லாரியிலிருந்து இறக்கி அடுக்கியதெல்லாம் மனிதக் கைகள். "காலையில சப்பாத்தியப் பிய்க்க விரல் மடங்காதுடா" என்பார் மாமா.

காதில் பஞ்சு வைத்திருப்பார்களாம். அப்புறம் ஆர்டர் காதில் விழ வேண்டுமே என்று எடுத்துவிடுவார்களாம். அங்கே உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் குண்டு கூடுதல் தூரம் பாயும், சமவெளிக் கணக்கு செல்லாது. காலாட்படையோடு ஏறிய பீரங்கிப் படை அதிகாரி குண்டு விழும் இடத்தைப் பார்த்து வயர்லெஸ்ஸில் சொல்லும் திருத்தம்தான் இவர்களுக்குக் கண். ஒரு எண்ணைத் தப்பாகக் கேட்டால் குண்டு நம் ஆட்கள் மேலேயே விழும். எதிரியின் குண்டைவிட அந்தப் பயம்தான் பெரிது என்று மாமா பலமுறை சொல்லியிருக்கிறார்.

போர் முடிந்தும் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டில் பீரங்கிச் சண்டை ஓயவில்லை. 2003 நவம்பரில் போர்நிறுத்தம் வந்தது. அதுவும் பலமுறை மீறப்பட்டு, 2021 பிப்ரவரியில் மறுபடி உறுதி செய்ய வேண்டியிருந்தது. இத்தனை வருடமும் அங்கே நின்றவர்களின் காதுகளை நினைத்துப் பாருங்கள். காலில் குண்டடி பட்டிருந்தால் ஊரே மரியாதை கொடுக்கும். மாமாவைக் கல்யாண வீட்டில் "செவிட்டு மிலிட்டரி" என்று கூப்பிட்டுச் சிரிக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அது வயசுக் கோளாறு இல்லை, போர்க் காயம். ஓய்வு பெற்ற ஒவ்வொரு பீரங்கிப் படை வீரருக்கும் வருடா வருடம் காதுப் பரிசோதனை நடக்க வேண்டும், நல்ல காது கேட்கும் கருவி வீடு தேடிப் போக வேண்டும்.

2022-இல் திராஸில் 5140 முனை எனப்படும் சிகரத்துக்குப் பீரங்கிப் படையின் நினைவாக 'கன் ஹில்' என்று பெயர் வைத்தார்கள். செய்தியை மாமாவின் வலது காதருகே வாசித்தேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "எங்க ஹவில்தார் இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரு" என்றார்.