கேத்தரின் நீட்டிய கை

ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரினை 'அறிவொளி அரசி', அதாவது பகுத்தறிவை நம்பி ஆண்டவர் என்று சொல்ல எல்லாரும் பிரெஞ்சுச் சிந்தனையாளர் வோல்தேருக்கு அவர் எழுதிய கடிதங்களையும், புதிய சட்டங்கள் எழுதும் குழுவுக்கு 1767-இல் அவர் கொடுத்த வழிகாட்டு ஆணையையும் காட்டுவார்கள். அந்த ஆணை கடைசிவரை சட்டம் ஆகவே இல்லை. என் கணக்கில் வலுவான சான்று 1768-இல் அவர் பெரியம்மை குத்திக்கொண்டதுதான்.

பயம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. முன்பு ரஷ்யாவை ஆண்ட பேரரசர் இரண்டாம் பீட்டர் 1730-இல் 14 வயதில் பெரியம்மையில் இறந்தார். கேத்தரினின் கணவர் முகமெல்லாம் அதன் தழும்பு. 1768-இல் மகன் பாவெலுக்கும் 14 வயது.

ஆங்கிலேய மருத்துவர் ஜென்னரின் மாட்டம்மைத் தடுப்பூசி வர இன்னும் 28 வருஷம். அன்று செய்தது, பெரியம்மை கண்டவரின் கொப்புளத்து நீரையே நல்ல உடம்பில் ஏற்றுவது. தானாக அம்மை கண்டால் ஐந்தாறு பேரில் ஒருவர் போய்விடுவார். குத்திக்கொண்டால் நூற்றுக்கு ஒன்றிரண்டு.

அந்த ஒன்றிரண்டு பேரும் எதனால் செத்தார்கள் என்பதில் வைத்தியர் கைக்கும் பங்குண்டு. பழைய முறையில் ஆழமாக வெட்டி, அம்மை நீரில் நனைத்த நூலைக் காயத்துக்குள் வைத்துக் கட்டுவார்கள். புண் சீழ் பிடிக்கும். பிறகு ஜன்னலை அடைத்து, கணப்பு மூட்டி, போர்த்திப் படுக்க வைத்துக் காய்ச்சலை இன்னும் ஏற்றுவார்கள். கேத்தரினுக்குக் குத்த இங்கிலாந்திலிருந்து வந்த வைத்தியர் தாமஸ் டிம்ஸ்டேல் இதையெல்லாம் விட்டார். கத்தி முனையால் மேல்தோலில் லேசான கீறல், ரத்தம் வந்தும் வராமலும். கொப்புளம் முற்றுவதற்கு முன் எடுத்த தெளிந்த நீர். முன்கூட்டியே இறைச்சியும் மதுவும் நிறுத்தம். குத்தியபின் குளிர்ந்த காற்றில் நடை. பாதரச மருந்தும் கொடுத்தார், அது உடம்புக்குக் கெடுதல்தான்.

பழைய ரஷ்ய நாள்காட்டிப்படி அக்டோபர் 12 இரவு, ரகசியமாக, அலெக்சாண்டர் மார்கோவ் என்ற சிறுவனிடமிருந்து எடுத்த நீர் அரசியின் கையில் ஏறியது. அரசி இறந்தால் டிம்ஸ்டேல் தப்பி ஓட வழியெங்கும் குதிரைகள் தயாராக நின்றன. குத்திக்கொண்டவரிடமிருந்து மற்றவருக்கு முழு வேகத்தில் தொற்றும் என்பதால் கேத்தரின் ஜார்ஸ்கோயே செலோ அரண்மனைக்கு ஒதுங்கினார். காய்ச்சல், தலைவலி, சில கொப்புளங்கள். மூன்று வாரத்தில் தேறித் தலைநகர் திரும்பினார். அம்மை நீர் கொடுத்தவர் செத்துவிடுவார் என்று மக்கள் நம்பினார்கள். அதை உடைக்கத் தன் கையிலிருந்தே பிறருக்கு எடுக்கவிட்டார். அடுத்து பாவெல், பிறகு பிரபுக்கள் வரிசையாக வந்தார்கள்.

முன்னே நின்று காட்டாமல் உத்தரவு மட்டும் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1771 மாஸ்கோ பிளேக் சாட்சி. கூட்டம் சேர்ந்து தொற்று பரவாமலிருக்க, ஜனங்கள் கூடிக் கும்பிட்ட மாதா படத்தைப் பேராயர் அம்ப்ரோசி அகற்ற முயன்றார். ஜனங்கள் அவரை அடித்தே கொன்றார்கள்.

இதற்காகக் கேத்தரினை முழுசாகக் கொண்டாட என்னால் முடியாது. பண்ணையடிமைகள் எஜமானர்மேல் அரசியிடம் புகார் கொடுக்கக்கூடாது என்று தடை போட்டதும் அதே 1767-இல்தான். ஆனாலும் அம்மை விஷயத்தை அரண்மனையோடு அவர் முடித்துக்கொள்ளவில்லை. 1787-இல் ஆளுநர் ருமியான்செவுக்கு எழுதிய கடிதத்தில், உக்ரைன் பகுதியில் எல்லாருக்கும் அம்மை குத்தவேண்டும், கைவிடப்பட்ட மடாலயங்களில் தங்க இடம் கொடுக்கவேண்டும், ஊர்தோறும் மருத்துவர் வேண்டும் என்று வேலையைப் பிரித்தே கொடுத்திருக்கிறார். வோல்தேர் கடிதங்களைவிட இதைத்தான் நான் முதலில் படிக்கச் சொல்வேன்.