இடிதாங்கி இதற்கு உதவாது

சூரியப் புயலும் ஒருவகை மின்னல்தான், இடிதாங்கி போட்டால் மின்தடங்கள் தப்பிக்கும் என்று கட்டுரையில் இருக்கிறது. தயவுசெய்து திருத்துங்கள். மின்னல் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் வந்து போய்விடும். சூரியப் புயலால் பூமியின் காந்தப்புலம் ஆட்டம் காணும்போது நீண்ட மின்தடங்களில் தூண்டப்படும் மின்னோட்டம் நிமிடக்கணக்கில் ஓடும், கிட்டத்தட்ட டிசி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) மாதிரி. மின்னழுத்தம் பெரிதாக எகிறாததால் தடங்களின் இடிதாங்கியான அரெஸ்டர் சும்மா நிற்கும். மின்னோட்டமோ நியூட்ரல் எர்த் (நிலத்தோடு இணைக்கும் கம்பி) வழியாக டிரான்ஸ்ஃபார்மருக்குள் ஏறிவிடும். வழக்கமான ரீங்காரம் கரகரவென்று உறுமலாக மாறும், டிரான்ஸ்ஃபார்மரின் தொட்டிச் சுவர் சுடும்.

1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக்கில் நடந்தது இதுதான். அடியில் மின்சாரம் எளிதில் கடக்காத பழம்பாறை, அதனால் மின்னோட்டம் மேலே இருந்த நீளமான 735 கிலோவோல்ட் தடங்களில் பாய்ந்தது. டிரான்ஸ்ஃபார்மர்கள் கிளப்பிய ஹார்மோனிக்ஸால் (மின் அலையின் சீரைக் கெடுக்கும் கூடுதல் அதிர்வெண்களால்) மின்னழுத்தத்தைச் சீராக்கும் 7 கருவிகள் அடுத்தடுத்து டிரிப் ஆயின. சுமார் 90 விநாடியில் மொத்த கிரிட்டும் விழுந்தது. 60 லட்சம் பேருக்கு ஒன்பது மணிநேரம் இருட்டு, அதுவும் அந்தக் குளிரில்!

அதன்பிறகு அங்கே ரிலே (கோளாறு கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) அமைப்புகளை மாற்றினார்கள், தடங்களில் மின்னோட்டப் பாதையிலேயே தொடராக இணைத்த கெப்பாசிட்டர்கள் வைத்தார்கள். கெப்பாசிட்டர் ஏசியை (திசை மாறி மாறி ஓடும் வழக்கமான மின்சாரத்தை) விடும், டிசியை மறிக்கும். கட்டுரையில் எழுத வேண்டியது இதைத்தான்.