'ஹை பிட்ச்' சாக்ஸபோன் குறித்து ஒரு திருத்தம்

நூறாண்டு பழைய 'ஹை பிட்ச்' (உயர்ந்த சுருதிக்குச் செய்யப்பட்ட) ஆல்டோ சாக்ஸபோனையும், வாயில் வைத்து ஊதும் பகுதியான மவுத்பீஸைச் சற்று வெளியே இழுத்தால் இன்றைய சுருதிக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். புதிதாகக் கற்பவர்கள் இதை நம்பி வாங்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அக்கருவிகள், சுருதிக்கு அளவுகோலான 'ஏ' சுரம் இன்றைய 440 ஹெர்ட்ஸுக்கு அல்லாமல் ஏறத்தாழ 457 ஹெர்ட்ஸுக்கு அமையும்படி செய்யப்பட்டவை; இடைவெளி ஓர் அரைச்சுரத்தில் மூன்றில் இரண்டு பங்கு. மவுத்பீஸை இழுக்கும்போது, குழலின் குறுகிய பகுதியில் ஒலிக்கும் சுரங்கள் மிகுதியாகவும், முழு நீளத்தில் ஒலிப்பவை குறைவாகவும் இறங்குவதால், ஒன்றைச் சரிசெய்தால் மற்றவை விலகிவிடும். துளைகளின் இடத்தையே மாற்றினாலன்றி இது தீராது.

இதை யாரும் சரிபார்க்கலாம். கருவியின் பின்புறம் வரிசை எண்ணுக்கு அருகே 'எல்' அல்லது 'லோ பிட்ச்' என்ற முத்திரை இருந்தால் அது இன்றைய சுருதிக்குரியது. அத்தகைய பழைய கருவிகள் இன்றும் மிக இனிமையாக ஒலிக்கின்றன. 'எச்' அல்லது 'ஹை பிட்ச்' என்றிருந்தால் தவிர்ப்பதே நல்லது. முத்திரை தேய்ந்திருந்தால், நன்கு வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கொண்டு, 440க்கு அமைத்த டியூனரில் (சுருதி காட்டும் கருவியில்) நடுச்சுரம் ஒன்றைச் சேர்த்துவிட்டு, கீழிருந்து மேல்வரை ஒவ்வொரு சுரமாக வாசிக்கச் செய்து முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்; மற்ற சுரங்களில் அது பெரிதும் விலகினால் 'ஹை பிட்ச்' ஆக இருக்கக்கூடும்.