கண்ணாடி எத்தனை மீட்டர் என்று மட்டும் கேட்காதீர்கள்

பெரிய தொலைநோக்கி என்று பேச்செடுத்தாலே எல்லோரும் முதலில் கேட்பது, "கண்ணாடி எத்தனை மீட்டர்?" என்றுதான். காற்றின் கலக்கத்தைச் சரிசெய்ய அதில் இருக்கும் ஏற்பாடு எந்தக் காலத்தது என்று யாரும் கேட்பதில்லை. இது என் நெடுநாள் ஆதங்கம்.

வளிமண்டலக் கொந்தளிப்பை அப்படியே விட்டுவிட்டால், 8 மீட்டர் கண்ணாடி காட்டும் நுணுக்கம் 20 சென்டிமீட்டர் கண்ணாடி காட்டுவதைப் பெரிதாகத் தாண்டாது. ஒளியை அதிகம் சேர்க்கும், அவ்வளவுதான். இதற்கு மருந்து அடாப்டிவ் ஆப்டிக்ஸ், தமிழில் தகவமைவு ஒளியியல். ஹோரஸ் பாப்காக் என்ற அமெரிக்க வானியலாளர் 1953-லேயே சொன்ன யோசனை இது. வரும் ஒளி எப்படிக் கசங்கியிருக்கிறது என்று அளந்து, அதற்கு ஈடாக ஒரு மெல்லிய ஆடியை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை, சிலவற்றில் ஆயிரம் முறைகூட வளைப்பார்கள். அளக்கப் பக்கத்தில் பிரகாசமான விண்மீன் இல்லையென்றால், 589 நானோமீட்டர் லேசரை ஏவி, சுமார் 90 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் சோடியம் அணுக்களை ஒளிரவைத்து ஒரு செயற்கை விண்மீனை உண்டாக்குவார்கள்.

சிக்கல் என்னவென்றால், அளந்து, கணக்கிட்டு, ஆடி வளைவதற்குள் காற்று நகர்ந்துவிடும். ஒன்றிரண்டு மில்லிவிநாடி தாமதமே போதும், விண்மீனைச் சுற்றி ஒரு மங்கல் வளையம் தங்கிவிடும். அந்த விண்மீனைச் சுற்றும் கோளைத் தேடினால், அது அந்த வளையத்துக்குள்தான் ஒளிந்திருக்கும். லேசருக்கும் ஒரு குறை உண்டு. அது போன வழியிலேயே திரும்பி வருவதால், படம் மொத்தமாக இப்படியும் அப்படியும் ஆடுவதை அதை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு மங்கலாகவாவது ஒரு நிஜ விண்மீன் வேண்டும். வேகமான உணரி, இரைச்சல் குறைந்த டிடெக்டர், காற்று அடுத்து எப்படி நகரும் என்று முன்கூட்டியே கணிக்கும் மென்பொருள் என்று மேம்படுத்தக் கேட்பவர்கள் ஆடம்பரத்துக்குக் கேட்கவில்லை.

சிலியின் பரனால் வானாய்வகத்தைப் பாருங்கள். அங்குள்ள நான்கு 8 மீட்டர் தொலைநோக்கிகளில் ஒன்றில் 2016 முதலே நான்கு லேசர்கள் உண்டு. நான்கின் ஒளியையும் ஒன்றுசேர்த்துப் பார்க்கும் கிராவிட்டி பிளஸ் திட்டத்தில் மற்ற மூன்றுக்கும் ஆளுக்கொரு லேசர் வந்து, 2025 நவம்பரில் நான்கு தொலைநோக்கிகளும் லேசரோடு சேர்ந்து இயங்கின. விண்மீன்கள் பிறக்கும் வாயு மேகமான டாரன்டுலா நெபுலாவில், மிகப் பெரிய ஒற்றை விண்மீன் என்று எண்ணியிருந்த ஒன்று நெருங்கிய இரட்டை என்பது தொடக்கச் சோதனையிலேயே தெரிந்துவிட்டது. இதற்காகப் புதிதாக ஒரு 8 மீட்டர் கண்ணாடியும் வார்க்கப்படவில்லை!

"அதான் விண்வெளியில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி இருக்கிறதே" என்பார்கள். வெப் அருமையான கருவி, மறுக்கவில்லை. ஆனால் 15 லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் அதன் டிடெக்டரை யாரும் போய் மாற்ற முடியாது. மலையுச்சியில் இருப்பதை மாற்றலாம்.

சிலியில் கட்டப்பட்டுவரும் 39 மீட்டர் ராட்சதத் தொலைநோக்கியான ஈஎல்டியில் உருமாறும் ஆடியின் அகலமே 2.4 மீட்டர், ஹப்பிளின் முதன்மைக் கண்ணாடி அளவு. தடிமன் 2 மில்லிமீட்டருக்கும் குறைவு. நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது. ஆனாலும் அது வந்ததும் பழையவற்றுக்குச் செலவு செய்வது வீண் என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரே ஒரு ஈஎல்டியின் இரவுகள் எத்தனை பேருக்குப் போதும்? பால்வழி மையக் கருந்துளையை எஸ்2 விண்மீன் ஒருமுறை சுற்றிவர 16 ஆண்டுகள் ஆகின்றன. அதை விடாமல் பின்தொடர்ந்தது ஹவாயின் கெக் வானாய்வகமும் பரனாலும்தான். அந்த உழைப்புக்குத்தான் ஆண்ட்ரியா கெஸ், ரைன்ஹார்ட் கென்செல் இருவருக்கும் 2020-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. 2018-ல் நெருங்கிப்போன எஸ்2, 2034-ல் மறுபடி கருந்துளையை நெருங்கும். அன்றைக்கு இந்தப் பழைய தொலைநோக்கிகள் அந்தக் காலத்து உணரிகளோடு நிற்கக்கூடாது.