கல்வெட்டில் அம்மாவின் வாழ்க்கைக்கு இடம் வையுங்கள்

இறந்தவரின் நினைவாக 31ஆம் நாள் வெளியிடும் 'கல்வெட்டு' என்ற நினைவு மலரைத் தயாரிப்பது பற்றிய கட்டுரை பயனுள்ளது. ஆனால் வாழ்க்கைக் குறிப்புக்கு ஒரு பந்தி போதும் என்பதை ஏற்க முடியவில்லை. கல்வெட்டில் அச்சிடும் சிவபுராணம் பல பக்திப் புத்தகங்களிலும் கிடைக்கும், அம்மாவின் வாழ்க்கை இதில் மட்டும்தான் இருக்கும். 'அன்பு மனைவி, பாசமிகு தாய், ஆசை அம்மம்மா' என்பது எல்லோருக்கும் பொருந்தும். எந்தப் பள்ளிக்கூடம், யாரிடம் தையல் பழகினார், கொழும்பு வெள்ளவத்தைக்கு எப்போது வந்தார் என்று எழுதுங்கள். வயதானவர்களுக்கு வருடம் நினைவில் நிற்காது. 1983 கலவரத்துக்கு முன்னா, 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வுக்குப் பின்னா என்று கேட்டால் சரியாகச் சொல்வார்கள். கணவரிடமும் சகோதரிகளிடமும் முதல் வாரத்திலேயே கேளுங்கள், வெளிநாட்டுப் பிள்ளைகள் திரும்பிப் போவதற்கு முன்.

உறவுப் பட்டியலில்தான் மனவருத்தம் வரும். 'காலஞ்சென்ற' என்று தொடங்கி இரண்டு பெயர் போட்டால் உயிரோடு இருப்பவரும் இறந்தவராகிவிடுவார். இருவரும் இறந்திருந்தால் 'காலஞ்சென்றவர்களான', இல்லையெனில் உயிரோடு இருப்பவரின் பெயரை முன்னால் போடுங்கள். மருமக்கள் ஒவ்வொருவருக்கும் அச்சுப்பிரதியைக் காட்டுங்கள்.

இறந்த திதியைச் சொல்லும் பாடலான திதி வெண்பாவுக்கு உயிர் பிரிந்த நேரத்தை ஐயரிடம் சொல்லுங்கள். திதி நடுப்பகலிலும் மாறும், வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் சில மணி நேரம் வேறுபடும். அடுத்த வருடத் திவசம் இதை வைத்துத்தான்.

வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் அச்சில் மங்கும், ஆவணமாக அனுப்புங்கள். நடுவில் பின் அடிப்பதென்றால் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். மிஞ்சும் பக்கத்தில் அவருடைய கையெழுத்துச் சமையல் குறிப்பு ஒன்றைப் போடலாம்.